டிராக்டருக்குப் பெயின்ட் அடிக்கப் பழகலாம்... மூச்சுக்குப் பங்கம் வராமல்!

ஆயுதபூஜை நெருங்கினாலும் சரி, எப்.சி. காட்டும் தேதி நெருங்கினாலும் சரி, கிராமத்துப் பட்டறைகளில் தின்னர் வாடை கிளம்பிவிடும். டிராக்டரின் மட்கார்டு, டிரெய்லரின் பக்கத் தகடு, பவர் டில்லரின் மூடி என்று வரிசையில் நிற்கும். டிங்கர் பட்டறையில் விட்டால் வண்டி திரும்ப வர நாளாகும். கூலியும் கையைக் கடிக்கும். 'சின்ன கம்ப்ரஸரும் ஒரு கன்னும் வாங்கினால் வீட்டிலேயே அடித்துவிடலாமே' என்று பலருக்கும் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். வீட்டில் வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அதுவே ஒரு கைத்தொழிலாகவும் அமையலாம்.

பழகலாம், தப்பில்லை. ஆனால், கன்னைக் கையில் எடுப்பது இந்தத் தொழிலின் முதல் பாடமல்ல, கடைசிப் பாடம். வரிசை மாறினால் கெடுவது பெயின்ட் மட்டுமல்ல, நுரையீரலும்தான்.

காஞ்சிபுரத்தை ஒட்டி, பாலாற்றுப் பக்கம் இருக்கும் ஓரிக்கை போன்ற ஊரில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஒரு பக்கம் அரசு போக்குவரத்துக் கழகப் பணிமனை. இன்னொரு பக்கம் பட்டுத்தறி ஓடும் வீடுகள். பழைய வகை ஸ்பிரே கன்னில் ஊற்றும் பெயின்டில் பாதிக்கு மேல் தகரத்தில் ஒட்டாமல் புகையாகக் காற்றில் போய்விடும். அந்தப் புகை பக்கத்து வீட்டுத் தறியில் ஏறியிருக்கும் பாவின்மேல் படிந்தால் என்ன ஆகும் என்று நெசவாளிக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டு இழையில் ஒட்டிய பெயின்டைப் பிரிக்க வழியே கிடையாது. பெயின்ட் அடிக்க இடம் பார்க்கும்போது தறி, மாட்டுக்கொட்டகை, வைக்கோல் போர், கிணறு எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி, நாலு பக்கமும் காற்று ஓடும் இடமாகப் பார்க்க வேண்டும்.

இதே மாவட்டத்தின் வடக்கே, இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் தயாராகின்றன. அதுபோன்ற பெரிய ஆலைகளில் மூடிய அறைக்குள் பெயின்ட் அடிப்பது இயந்திரக் கை. கூரையிலிருந்து வடிகட்டிய காற்று கீழே இறங்கி, பெயின்ட் புகையை அடித்துக்கொண்டு தரை வழியாக வெளியேறும். ஊர்ப் பட்டறையிலோ ஒருவர் தோளில் கிடக்கும் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு அடிக்கிறார்.

துண்டு போதாது

பூச்சிமருந்து அடித்துப் பழகிய விவசாயிக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். காற்றுக்கு எதிரே நின்று அடிக்கக் கூடாது, வேலை முடியும்வரை பீடி, வெற்றிலை கூடாது, முடிந்ததும் குளித்து உடை மாற்ற வேண்டும். இங்கும் அதேதான். ஆனால் மீதிப் பாதி வேறு. பெயின்டில் இருக்கும் தின்னர், ஆவியாகப் போவது. துண்டும், துணி மாஸ்க்கும், மருந்துக்கடையில் கிடைக்கும் மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. கரித்தூள் அடைத்த குப்பி பொருத்திய ரப்பர் மாஸ்க்தான் வேண்டும். குப்பிக்கு முன்னால் துகள் வடிகட்டியும் இருக்க வேண்டும். வாடை உள்ளே தெரிய ஆரம்பித்தால் குப்பியின் ஆயுள் முடிந்தது என்று பொருள். வேலை முடிந்து ஆணியில் மாட்டிவிட்டால், சும்மா தொங்கும்போதே அது காற்றிலுள்ள ஆவியை இழுத்துத் தீர்ந்துபோகும். மூடியுள்ள டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். மாலை போட்டுத் தாடி வளர்த்திருக்கும் நாட்களில் மாஸ்க் முகத்தோடு படியாது. அந்த நாட்களில் கன்னைத் தொடாமல் இருப்பதே நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. கார், பைக்குகளுக்கு இப்போது அதிகம் அடிக்கப்படுவது பி.யு. பெயின்ட். இரண்டு டப்பாவாக வரும். ஒன்று பெயின்ட், மற்றது ஹார்டனர். அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். போபாலில் 1984 டிசம்பரில் கசிந்ததும் இதே குடும்பத்து ரசாயனம்தான். பெயின்டில் இருப்பது அதே பொருள் அல்ல, அவ்வளவு சுலபமாக ஆவியாகவும் செய்யாது. ஆனால் கன் அதைப் புகை போன்ற நுண்துளியாக்கி மூச்சுக்குள் அனுப்பிவிடுகிறது. அடிக்கும்போது பெரிய வாடை எதுவும் வராததால் ஆபத்து தெரியாது. சிலருக்கு அன்று ராத்திரி நெஞ்சு இறுக்கமும் இருமலும் வரும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு துளி அளவு பட்டாலும் ஆஸ்துமா கிளம்பும். தொழிலையே விட வேண்டிவரும். பிரிட்டனில் இந்த வகைப் பெயின்ட் அடிப்பவர்களுக்கு வெளியிலிருந்து குழாயில் சுத்தக் காற்று வரும் முகமூடியைத்தான் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை வலியுறுத்துகிறது. கரிக்குப்பி மாஸ்க்கையே போதாது என்கிறார்கள்.

ஆகவே, புதிதாகப் பழகுபவர் வீட்டில் ஹார்டனர் கலந்த பெயின்ட் அடிக்கவே கூடாது. டிராக்டர் தகடுக்கும் டிரெய்லருக்கும் சாதாரண சிந்தெடிக் எனாமலே போதும். அதையும் முதலில் பிரஷ்ஷில் அடித்துப் பழகலாம். பளபளப்பு சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

வேலையில் முக்கால்வாசி உப்புத்தாளில்

பெயின்ட் உரிந்து வருவதற்குக் காரணம் பெரும்பாலும் பெயின்ட் அல்ல, அடியில் விட்ட எண்ணெய்ப்பிசுக்கும் துருவும்தான். சோப்புத்தூள் போட்டுக் கழுவிக் காயவைத்து, துருவை 80-ஆம் எண் தாளில் தொடங்கித் தேய்த்து, 120, 220 என்று நைஸாகக் கொண்டுபோக வேண்டும். தகரம் வெளுப்பாகத் தெரிந்த அன்றே ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடித்துவிட வேண்டும். ஒரு ராத்திரி பனியில் விட்டாலே துரு திரும்பிவிடும். பள்ளம் இருந்தால் பட்டி. பாலியஸ்டர் பட்டி என்றால் 100 கிராமுக்கு 2 கிராம் அளவே அதன் பேஸ்ட். கூடுதலாகக் கலந்தால் வெயில் நாளில் கரண்டியிலேயே கல்லாகிவிடும். பிறகு 400-ஆம் எண் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பு.

தண்ணீர் விட்டுத் தேய்ப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தியாவில் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது வீட்டுச் சுவர், கதவு போன்றவற்றுக்கான பெயின்டுகளுக்கு மட்டும். பழைய வண்டிகளின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. காய்ந்த தூளாகப் பறக்கவிட்டால் மூச்சில் போகும். தரையில் விழுந்தால் குழந்தையின் கைக்குப் போகும். மாடுகள் பழைய பெயின்ட் சுரண்டலையும் பழைய பேட்டரியையும் நக்கி ஈய நஞ்சுக்கு ஆளாவது கால்நடை மருத்துவர்கள் அறிந்த விஷயம். தேய்த்த சேற்றைப் பழைய சாக்கில் வழித்துக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். தீவனம் கிடக்கும் பக்கம் இந்த வேலையே கூடாது.

முதல் வாரம் தண்ணீர்தான்

கன் வாங்கியதும் பெயின்ட் ஊற்ற வேண்டாம். வெறும் தண்ணீரை ஊற்றி, நிறுத்தி வைத்த அட்டைப்பெட்டியிலோ பழைய தகரத்திலோ அடித்துப் பழகலாம். காசும் மிச்சம், நெஞ்சும் மிச்சம். கன்னுக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி எப்போதும் மாறாமல் இருக்க வேண்டும். மணிக்கட்டை மட்டும் திருப்பினால் நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெலிந்தும் விழும். கை முழுதும் பக்கவாட்டில் நகர வேண்டும். நகர்த்தத் தொடங்கிய பிறகே விசையை இழுத்து, நிறுத்தும் முன்பே விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூடினால் கோடு தெரியாது. தண்ணீர் வழிகிறது என்றால் பெயின்டும் வழியும். அழுத்தம் சிறு கன்களுக்கு 30 முதல் 45 பி.எஸ்.ஐ. போதும். சரியான அளவு கன்னோடு வரும் சீட்டில் இருக்கும்.

பழகிய பிறகு எனாமலுக்கு வரலாம். ஒரே தடவையில் கனமாக மூடப் பார்ப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. மெல்லிசாக இரண்டு, மூன்று தடவை அடிப்பதே சரி; நடுவே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பது டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். தினமும் வேலை முடிந்ததும் கம்ப்ரஸர் தொட்டியின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடிக்கவில்லை என்றால், மறுநாள் பெயின்டில் கொப்புளம் கொப்புளமாக வரும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் என்.சி. வகைப் பெயின்ட் வெள்ளை பூத்துவிடும். காஞ்சிபுரம் பக்கம் தை, மாசி மாதங்கள் தோது.

அழுத்தக் காற்றால் உடம்பிலுள்ள தூசியை ஊதிக்கொள்வதைப் பட்டறைகளில் சாதாரணமாகப் பார்க்கலாம். கண்ணிலோ காதிலோ காயத்திலோ பட்டால் பெரிய வினையாகும்.

நெருப்பு எங்கே இருக்கிறது?

தின்னரில் பெரும்பாலும் இருக்கும் டொலுயீன், 4 டிகிரி குளிரிலேயே தீப்பற்றும் ஆவியை விடக்கூடியது. காஞ்சிபுரம் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்துபோய்ப் பத்தடி தள்ளி எரியும் பூஜை விளக்கையோ அடுப்பையோ தேடிப் பிடிக்கும். கம்ப்ரஸரின் சுவிட்சும் பொறி விடும் என்பதால் கம்ப்ரஸர் தள்ளி இருக்க, ஹோஸ் மட்டும் நீள வேண்டும். வாளியில் தண்ணீர் உதவாது. தின்னர் தீ அதில் மிதந்து பரவும். மணலும் உலர்தூள் தீயணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கன் கழுவப் பெட்ரோல் வேண்டவே வேண்டாம். கைகளைத் தின்னரில் கழுவுவதும் கூடாது. தேங்காய் எண்ணெய் தேய்த்துச் சோப்புப் போட்டாலே போகும். கழுவிய தின்னரை டப்பாவில் தெளியவிட்டால் மேலே நிற்பதை அடுத்த முறை கன் கழுவப் பயன்படுத்தலாம். வாய்க்காலில் கொட்டினால் அது அடுத்தவர் வயலுக்குத்தான் போகும்.

தொழிலாகவே கற்க நினைக்கும் பிள்ளைகளுக்கு, ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் வாகன உடல் பெயின்டிங்குக்கென்றே ஓராண்டுப் பிரிவு இருக்கிறது. பொதுப் பெயின்டர் பிரிவு இரண்டாண்டு. எல்லா நிலையத்திலும் இந்தப் பிரிவுகள் இருக்காது. சேர்க்கை நேரத்தில் பக்கத்து அரசு ஐ.டி.ஐ.யில் விசாரித்தால், எங்கே இருக்கிறது என்று சொல்வார்கள். பி.யு. பெயின்ட் பழக வேண்டுமானால் காற்றுக்குழாய் முகமூடி வைத்திருக்கும் இடமாகப் பார்த்துச் சேர வேண்டும்.

பெயின்ட் வாங்கக் கிளம்பும் முன் ஆர்.சி. புத்தகத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதில் வண்டியின் நிறமும் பதிவாகியிருக்கும். அதே நிறம் என்றால் சிக்கல் இல்லை. மாற்றுவதாக இருந்தால் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, ஆர்.சி.யிலும் மாற்றிக்கொள்ள வேண்டும். ராணுவ வண்டிகளின் ஆலிவ் பச்சையை வேறு எந்த வண்டிக்கும் அடிக்க மத்திய மோட்டார் வாகன விதி இடம் தராது, டிராக்டருக்கும் சேர்த்துத்தான்.