பழைய வேர்டு, எக்ஸெல் யூஸ் பண்றீங்களா? ஒரே ஒரு ஃபைல் போதும்... உஷார்!

தருமபுரி மாவட்டம் வத்தல்மலை போன்ற மலைக்கிராமங்களில் சாதிச் சான்றிதழோ, பட்டாவோ, கல்வி உதவித்தொகையோ, எதற்கு விண்ணப்பிப்பது என்றாலும் இ-சேவை மையமோ ஜெராக்ஸ் கடையோதான் கதி. ஊர் மக்களின் ஆதார், பேங்க் பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் அந்த ஒரே கம்ப்யூட்டரில் சேரும். அதில் இருப்பது பழைய எம்.எஸ். ஆபீஸ் என்றால், மெயிலில் வரும் ஒரு வேர்டு ஃபைலே மொத்தத்தையும் திருடக் கொடுத்துவிடும்.

ஃபைலைத் திறந்தால் எப்படி ஹேக் ஆகும்?

வேர்டில் கணிதச் சமன்பாடு எழுத 'ஈக்வேஷன் எடிட்டர்' என்ற சின்ன புரோகிராம் இருந்தது. 2000-ல் கம்பைல் செய்யப்பட்ட இது, ஃபான்ட் பெயரின் நீளத்தைச் சரிபார்க்காமலேயே மெமரியில் எழுதிவிடும். பெயரை வேண்டுமென்றே நீளமாக்கி, அதோடு தங்கள் கட்டளையையும் உள்ளே நுழைத்தார்கள் ஹேக்கர்கள். 17 வருஷம் யார் கண்ணிலும் படாத இந்த ஓட்டையை, 2017 நவம்பரில்தான் மைக்ரோசாப்ட் அடைத்தது. அப்டேட் செய்யாத கம்ப்யூட்டர்களில் அதன் பிறகும் இதே வழியில் தாக்குதல் தொடர்ந்தது.

2022-ல் வந்த 'ஃபோலினா' இன்னொரு ரகம். மேக்ரோவை ஆன் செய்யாவிட்டாலும் வேர்டு ஃபைல் வழியாக விண்டோஸுக்குள் புகுந்தது. அதே ஆண்டு ஜூனில்தான் அதற்குத் தீர்வு வந்தது.

இப்போது என்ன சிக்கல்?

ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்குமான சப்போர்ட்டை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. சாஃப்ட்வேர் வழக்கம்போல ஓடும். ஆனால் அதன்பின் புதிதாக ஓட்டை தெரிந்தால், அதை அடைக்க அப்டேட் வரும் என்று நம்பியிருக்க முடியாது. 'கிராக்' காப்பி என்றால் ஆபத்து இன்னும் அதிகம். கிராக் ஃபைலிலேயே வைரஸ் இருக்கலாம்.

என்ன செய்யணும்?

* வேர்டில் 'ஃபைல்', 'அக்கவுன்ட்' போய்ப் பாருங்க. எந்த வெர்ஷன் என்று தெரியும். 'அப்டேட் நவ்' இருந்தால் உடனே கொடுங்க.
* புது வெர்ஷன் வாங்க பணமில்லையா? லிப்ரே ஆபீஸ் இலவசம். தமிழிலும் டைப் செய்யலாம். அதையும் அவ்வப்போது அப்டேட் செய்யணும்.
* மெயிலில் வந்த ஃபைலுக்கு மேலே மஞ்சள் பட்டை தெரிந்தால், அனுப்பியவர் யார் என்று உறுதியாகும் வரை 'எனேபிள் எடிட்டிங்' அழுத்தாதீங்க.
* வேலை முடிந்ததும் உங்க ஆதார் ஸ்கேனை டெலிட் செய்யச் சொல்லுங்க. ரீசைக்கிள் பின்னிலிருந்தும்தான்!

பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு.