பனியனுக்குள்ளே ஒரு டாக்டர்!

ஜிம்முக்குப் போகிற நண்பர்களே, ஒரு நிமிஷம்! கண்ணாடி முன்னால் நின்று, மூச்சை இழுத்துப் பிடித்து, இரண்டு பக்கமும் புடைக்க வைத்து அழகு பார்க்கிறீர்களே ஒரு மார்புச் சதை... அதற்கு 'பெக்டொராலிஸ் மேஜர்' என்று பெயர். டைட் பனியன் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்பதற்கு மட்டும்தான் அது என்று நினைத்துவிடாதீர்கள். சாகக் கிடந்த பல பேரை எழுப்பி உட்கார வைத்த சதை அது!

எப்படி? சொல்கிறேன்.

பைபாஸ் ஆபரேஷனில் பெரும்பாலும் நடுமார்பு எலும்பை மேலிருந்து கீழாக ரம்பத்தால் இரண்டாகப் பிளப்பார்கள். (பக்கத்தைப் புரட்டாதீர்கள் சார், எனக்கும்தான் தலை சுற்றுகிறது.) வேலை முடிந்ததும் ஸ்டீல் கம்பியால் எலும்பை இழுத்துக் கட்டி, மேலே தையல் போட்டுவிடுவார்கள். எலும்பு ஒட்ட இரண்டு மாசம் போல ஆகும்.

நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு இங்கேதான் வில்லன் நுழைகிறான். கிருமி! எலும்புக்குப் பின்னால், இதயத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சீழ் வைப்பான். சர்க்கரை வியாதி, சிகரெட், அதிக எடை மூன்றும் அவனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற பார்ட்டிகள். இன்னொரு சங்கடமும் உண்டு. மார்பெலும்புக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயைத்தான் பைபாஸுக்கு எடுத்து இதயத்தில் இணைக்கிறார்கள். ரத்தம் குறைந்த எலும்பு, காவல்காரன் லீவில் போன பங்களா மாதிரி!

அந்தக் காலத்தில் இதற்கு என்ன செய்தார்கள்? காயத்தைத் திறந்து வைத்து வாரக்கணக்கில் டிரெஸ்ஸிங். கீழே இதயம் துடித்துக்கொண்டிருக்கும்! அல்லது குழாய் செருகி, மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். கணிசமான பேர் பிழைக்கவில்லை.

அப்போதுதான் அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து எமரி பல்கலைக்கழகத்தில் மாரிஸ் ஜுர்கீவிச் என்கிற பிளாஸ்டிக் சர்ஜனும் அவருடைய சகாக்களும் வேறு மாதிரி யோசித்தார்கள். (மனிதர் முதலில் படித்தது பல் டாக்டருக்கு!) செத்த எலும்பு, கம்பி எல்லாவற்றையும் சுத்தமாக எடுத்துவிடு. அந்தப் பள்ளத்தில் உயிருள்ள சதையை வைத்து மூடு. அவ்வளவுதான் ஐடியா.

சதையை வெட்டி எடுத்து ஒட்டுவதில்லை. அதுதான் விசேஷம். தோள் பக்கத்திலிருந்து வருகிற ரத்தக் குழாயோடு அப்படியே விட்டுவிட்டு, நடுப்பக்கத்தில் மட்டும் பிரித்து, ஜன்னல் திரையை இழுக்கிற மாதிரி நடுவுக்கு நகர்த்துவார்கள். சதையோடு ரத்தம் வரும். ரத்தத்தோடு வெள்ளை அணுக்களும் மருந்தும் வரும். ஒளிய இடமில்லாமல் கிருமி காலி! 1980ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 1989ல் அதே எமரி குழு தொடர்ச்சியாக 211 பேருக்குச் செய்த கணக்கைக் காட்டியபோது, இதுதான் வழி என்று பலரும் ஒப்புக்கொண்டார்கள்.

மார்புச் சதை போதவில்லையா? வயிற்றுச் சதையை மேலே மடக்குவார்கள். அல்லது குடலுக்கு முன்னால் ஏப்ரன் மாதிரி தொங்குகிற 'ஓமென்டம்' என்கிற கொழுப்புத் திரையை மேலே கொண்டுவருவார்கள். 1976லேயே இதைச் செய்து எழுதியிருக்கிறார்கள். ஆபத்துக்கு உதவுகிற தொப்பைக் கொழுப்பு! அதற்காக பஜ்ஜியை டபுளாக்க வேண்டாம்.

இப்போது ஸ்பாஞ்ச் வைத்து, பம்ப் மூலம் கசிவை உறிஞ்சி, காயத்தைத் தயார் செய்துவிட்டு அப்புறம் மூடுவதும் உண்டு.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்ததே என் பெரியப்பாவால்தான். பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்த பன்னிரண்டாம் நாள், சட்டையில் ஈரம். இருமினால் நெஞ்சில் 'கடக்'கென்று ஒரு சத்தம். "தையல் காயம்னா கசியத்தான் செய்யும், மஞ்சள் வைங்க" என்றார் எதிர்வீட்டுக்காரர். பெரியம்மா காதிலேயே வாங்கவில்லை. "ஆட்டோவைக் கூப்பிடுடா" என்றார் என்னிடம். மறுபடி திறந்தார்கள். இரண்டு பக்கச் சதையையும் நகர்த்தி மூடினார்கள். ஒரு மாசம் ஆஸ்பத்திரி வாசம். ஐ.சி.யூ. வாசலில் பெரியம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

பெரியப்பா இன்றைக்குக் காய்கறிப் பையோடு மார்க்கெட் போய் வருகிறார். கனமாகத் தூக்கினால் கொஞ்சம் பலக்குறைவு தெரியும், அவ்வளவுதான். "பாதி எலும்புதான்டா... ஆனா முழு நெஞ்சு!" என்கிறார்.

உங்கள் வீட்டில் யாராவது இதய ஆபரேஷன் முடிந்து வந்திருக்கிறார்களா? காயத்தில் கசிவு, சிவப்பு, காய்ச்சல், அதிகமாகிற வலி, இருமும்போது எலும்பு அசைகிற உணர்வு... இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஆபீஸுக்கு லீவ் சொல்ல யோசிக்காதீர்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்பது, கிருமிக்கு நாம் கொடுக்கிற இன்கிரிமென்ட்!