காற்றுக்குக் கூலி

திருகோணமலைச் சீனன்குடாவிலுள்ள பிறீமா மாவாலைக்கு வரும் கோதுமை, மூட்டையிற் கட்டப்படாமல், கப்பலின் வயிற்றை இடைவெளியின்றி நிரப்பியவாறு வந்து சேர்கின்றது. குளிர்பானம் அடைக்கும் அலுமினியப் பேணியின் கதை நேர்மாறானது. வெறும் பேணி கடல் கடக்கும்போது கொடுக்கும் கூலியிற் பெரும்பங்கு காற்றுக்கே போகின்றது.

330 மில்லிலீற்றர்ப் பேணியின் நிறை ஏறத்தாழ 13 கிராம், விட்டம் 6.6 சென்றிமீற்றர், உயரம் 11.5. வாய் அகன்ற தம்ளர்கள் ஒன்றினுள் ஒன்று புகும். கழுத்தொடுங்கிய பேணிகள் புகா. எனவே அடுக்கும் முறையிலேதான் ஆதாயம் தேடவேண்டும். உயரங்கூடிய 40 அடிக் கொள்கலனிலே சதுர வரிசையாய் அடுக்கினால் ஏறக்குறைய 146,000 பேணிகள் கொள்ளுமென நாம் கணக்கிட்டோம். தேனடைபோல, ஒரு வரிசையின் பள்ளத்தில் அடுத்த வரிசையைப் பதித்தாலோ 169,000! (அடித்தட்டுகளுக்கு இடம் விட்டால் இரண்டுமே குறையும்.) ஐயமுறும் வாசகிகள் தாம்பாளத்திற் தம்ளர்களை அடுக்கிப் பார்ப்பார்களாக. இத்தனையும் சேர்ந்து 2.2 தொன் நிறையே. கொள்கலனோ 26 தொன் தாங்க வல்லது.

மூடியின் பாடு வேறு. பானம் நிரப்பிய பின்னரே அதனைப் பேணியின் விளிம்போடு மடித்து இறுக்குவர். ஆதலால் அது தனியே, கடதாசி உறையில் நாணயக் குற்றிகள்போல் நெருங்கி அடுக்கப்பட்டுப் பிரயாணஞ் செய்கின்றது.

நம் துறைமுகம் ஆழத்திற் குறைந்ததன்று. ஆயினும் கொள்கலன்கள் கொழும்பிலேதான் இறங்குகின்றன. அங்கிருந்து இங்கு 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தரைவழி. குடித்து முடித்த பேணியை உருக்குவதற்கு வெளியூர் அனுப்பும்போது மறுபடியும் காற்றுக்கே லொறிக்கூலி. பழைய உலோகம் வாங்குவோர் வருமுன் அதனைக் காலால் மிதித்துத் தட்டையாக்கிவிடுங்கள்; ஒரே சாக்கிற் பல மடங்கு கொள்ளும்.