கோட்டை நகரில் இரு நாள்

இராஜஸ்தான் மாநிலத்தின் தலைநகரான ஜெய்ப்பூரைக் காணச் சனி, ஞாயிறு ஆகிய இரு நாள்கள் போதும். தில்லியிலிருந்து ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்நகருக்குத் தொடர்வண்டியில் நான்கரை முதல் ஐந்து மணி நேரத்தில் செல்லலாம். வெள்ளி இரவு சென்று சேர்ந்தவர்கள் சனிக்கிழமை காலையில் முதற்கோட்டையின் வாயிலில் நிற்கலாம். நகரை அடுத்துள்ள ஆரவல்லிக் குன்றுகளின்மீது ஆமேர், ஜெய்கர், நாகர்கர் என மூன்று கோட்டைகள் அமைந்துள்ளன. மூன்றையும் ஒரே நாளில் ஏறி இறங்கிவிட்டு, கண்ணாடி மாளிகை, பெரிய பீரங்கி, மாலைக் கதிரவன் ஆகிய மூன்று ஒளிப்படங்களோடு திரும்புவோரே மிகுதி. அவர்கள் ஒரு வினாவையும் உடன்கொண்டு சென்றால் அதே பயணம் வேறு வகையில் அமையும். ஆறு பாயாத இவ்வறண்ட குன்றுகளின்மீது அரசரும் படையினரும் பணியாளரும் எந்த நீரைக் குடித்து வாழ்ந்தனர் என்பதே அவ்வினா.

கோட்டை என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை உயர்ந்த மதிலும் வலிய கதவுமே ஆகும். திருக்குறளில் ‘அரண்’ என்னும் அதிகாரம் நீர், நிலம், மலை, காடு ஆகிய நான்கையும் அரணுக்கு உறுப்புகளாக எண்ணுகிறது. அவற்றுள் முதலில் வைத்து எண்ணப்படுவது நீர். இதற்குக் காரணம் உண்டு. பகைவர் கோட்டையைச் சூழ்ந்து மாதக்கணக்கில் காத்திருந்தால், உள்ளே இருப்போர் சேமித்த தானியத்தைக் கொண்டு பசியைத் தாங்கலாம். குளம் வற்றிவிட்டால் சில நாள்களில் கதவைத் திறந்துவிட வேண்டியதுதான். ஆரவல்லியில் மலைக்குக் குறைவில்லை. காட்டுக்கும் அக்காலத்தில் குறைவில்லை. மழை மட்டும் ஆண்டில் ஏறத்தாழ மூன்று மாதங்களே பெய்யும். எஞ்சிய ஒன்பது மாதங்களுக்கும் அம்மழையைப் பிடித்து வைத்தாக வேண்டும். இக்கோட்டைகளைக் கட்டியவர்கள் மதிலுக்குச் செலவிட்ட அறிவுக்குச் சற்றும் குறையாத அறிவை இதற்கும் செலவிட்டுள்ளனர்.

ஆமேர்

ஜெய்ப்பூரிலிருந்து வடக்கே 11 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஆமேர். கச்வாகா மரபு அரசர்கள் ஜெய்ப்பூரை அமைப்பதற்கு முன்பு இதுவே அவர்களின் தலைநகரம். அக்பரின் படைத்தலைவர்களுள் ஒருவராக விளங்கிய முதலாம் மான்சிங், 1592-ஆம் ஆண்டு இங்குள்ள அரண்மனைப் பணியைத் தொடங்கினார். பின்வந்த அரசர்கள் அதனை விரிவுபடுத்தினர். 2013-ஆம் ஆண்டு இராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகள் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டன; ஆமேர் அவற்றுள் ஒன்று.

கோட்டைக்குச் செல்ல யானைமீது ஏறுவோர் உண்டு; சீருந்தில் செல்வோரும் உண்டு. நடந்து ஏறுவதே சிறந்தது. நடப்பவர்களே கீழே விரிந்து கிடக்கும் மாவோட்டா ஏரியை நின்று பார்க்க இயலும். சுற்றியுள்ள குன்றுகளில் பெய்யும் மழை வழிந்து இவ்வேரியில் சேருகிறது. ஆயினும் ஏரி அடிவாரத்தில் இருக்கிறது. அரண்மனையோ மேலே இருக்கிறது. நீரை எவ்வாறு மேலே கொண்டு சென்றனர்? கலங்களை வரிசையாகக் கோத்த சக்கரங்களைப் பல படிநிலைகளில் அமைத்தனர். முதற்சக்கரம் இறைத்த நீர் ஒரு தொட்டியில் விழும். அடுத்த சக்கரம் அத்தொட்டியிலிருந்து மேலுள்ள தொட்டிக்கு இறைக்கும். இவ்வாறு படிப்படியாக நீர் குன்றேறியது. அந்த நீரேற்று அமைப்பின் எச்சங்களை இன்றும் காணலாம். பெரும்பாலோர் அவற்றைப் பழைய சுவர் என்று எண்ணிக் கடந்துவிடுகின்றனர்.

அரண்மனையில் பொதுமக்கள் அரசரைக் கண்ட மண்டபத்தைத் தாண்டி, வண்ண ஓவியங்கள் நிறைந்த கணேச வாயிலின் வழியே உள்ளே சென்றால் ஒரு தோட்டம் தோன்றும். அதன் ஒருபுறம் புகழ்பெற்ற கண்ணாடி மாளிகை உள்ளது. சிறு சிறு கண்ணாடித் துண்டுகள் பதித்த அதன் சுவர்களின் முன் எப்பொழுதும் கூட்டம் நிறைந்திருக்கும். எதிர்ப்புறத்தில் உள்ள சுக நிவாஸ் என்னும் மாளிகையில் அவ்வளவு கூட்டம் இராது. நம் வினாவுக்கு உரிய விடை அங்கேதான் இருக்கிறது. அறையின் நடுவே பளிங்காலான ஓர் ஆழமற்ற வாய்க்கால் ஓடுகிறது. முற்காலத்தில் அதில் நீர் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே வீசும் காற்று நீரைத் தொட்டுக் குளிர்ந்து அறையெங்கும் பரவியது. நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். நம் ஊர்ப் பானைநீர் குளிர்வதும் இவ்வாறே. அறையைக் குளிர்வித்த நீர் வீணாகவில்லை; அதே வாய்க்கால் வழியே வெளியேறித் தோட்டத்தை அடைந்தது. அரிதாகக் கிடைத்த நீரை ஒருமுறைக்கு இருமுறை வேலை வாங்கிய இத்திறமை, என் கருத்தில், கண்ணாடி மாளிகையைவிடப் பெரிய அழகு.

கோட்டையிலிருந்து இறங்கி ஆமேர் ஊருக்குள் சிறிது தொலைவு நடந்தால் பன்னா மீனா குண்டம் என்னும் படிக்கிணறு உள்ளது. குறுக்கும் நெடுக்குமாக அமைந்த அதன் படிகள் கோலம்போல் ஒழுங்குடையவை. நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் ஊர்மக்கள் ஏதேனும் ஒரு படியில் நின்று குடத்தை நிரப்பிக்கொள்ளலாம். படிகளில் இறங்க இப்பொழுது இசைவில்லை. மேலே நின்றே காண வேண்டும்.

மலையுச்சியில் ஒரு நீர்க்கிடங்கு

ஆமேருக்கு மேலே, அதே மலையின் உச்சியில் நிற்பது ஜெய்கர். ஆபத்து வந்தால் அரசகுடும்பம் மேலே சென்று ஒளிவதற்காக இரு கோட்டைகளையும் இணைக்கும் மறைவழி ஒன்றும் உண்டு. இங்குப் பீரங்கி வார்க்கும் பட்டறை இருந்தது. 1720-ஆம் ஆண்டு வார்க்கப்பட்ட ஜெய்வானா என்னும் பீரங்கியின் எடை ஏறத்தாழ 50 டன். குழாயின் நீளம் ஏறத்தாழ 20 அடி. வெள்ளோட்டமாக ஒரே ஒருமுறை சுடப்பட்ட இப்பீரங்கி, போர் எதிலும் பயன்படவில்லை. அதன் குண்டு எவ்வளவு தொலைவு சென்றது என்பதைப் பற்றி வழிகாட்டிகள் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். கேட்டு மகிழலாம்.

ஜெய்கரில் ஒருநாளும் ஓய்வின்றி வேலை செய்தவை அதன் நீர்த்தொட்டிகள். மலைச்சரிவுகளில் வெட்டப்பட்ட வாய்க்கால்கள் மழைநீரைத் திரட்டிக் கோட்டைக்குள் கொண்டுவந்தன. வரும் வழியில் ஆங்காங்கே பள்ளங்கள் அமைக்கப்பட்டிருந்தன. வேகம் தணிந்த நீர் அவற்றில் மண்ணையும் சருகையும் விட்டுவிட்டுத் தெளிந்து மேலே சென்றது. கோட்டையில் உள்ள மூன்று தொட்டிகளுள் மிகப் பெரியது ஏறத்தாழ 60 இலட்சம் கேலன் நீர் கொள்ளும் என்பர். அதன்மேல் கூரை வேயப்பட்டு, 81 தூண்கள் அக்கூரையைத் தாங்குகின்றன. கோடையின் வெயிலில் திறந்து கிடக்கும் நீர் விரைந்து வற்றிவிடும் என்பதை அறிந்தே கூரை அமைத்துள்ளனர்.

இத்தொட்டிகளின் அடியில் புதையல் இருக்கிறது என்னும் கதை நெடுங்காலமாக வழங்கி வந்தது. மான்சிங் போர்களில் திரட்டிய பெருஞ்செல்வம் இங்கு மறைக்கப்பட்டது என்றனர். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-ஆம் ஆண்டு, அரசே இங்குப் புதையல் தேடும் பணியை மேற்கொண்டது. கதைகளில் வரும் பொற்குவியல் கிடைக்கவில்லை. தொட்டியின் அடியில் பொன்னைத் தேடியவர்கள், தொட்டியில் நிறைந்திருந்ததே அக்கோட்டையின் செல்வம் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

மாலையில் நாகர்கர்

ஜெய்கரிலிருந்து மலைமுகட்டு வழியாகவே நாகர்கருக்குச் சாலை செல்கிறது. 1734-ஆம் ஆண்டு கட்டப்பட்ட இக்கோட்டையிலிருந்து ஜெய்ப்பூர் நகரம் முழுவதையும் காணலாம். அரசியர்க்கென ஒரே அமைப்பில் கட்டப்பட்ட ஒன்பது தனித்தனி இல்லங்கள் கொண்ட மாதவேந்திர பவன் இங்கு உள்ளது. அதனைக் காண்பதற்கு முன் இங்குள்ள படிக்கிணறுகளைக் காண வேண்டும். ஆமேரில் கண்ட குண்டம் அளவெடுத்துக் கட்டிய சதுரம். நாகர்கரின் படிக்கிணறோ மலை வளைந்த இடத்தில் தானும் வளைந்து, ஒழுங்கற்ற வடிவில் கிடக்கிறது. கட்டியவர்கள் பாறையோடு போராடாமல், நீர் இயல்பாக எங்கு வந்து தேங்குமோ அவ்விடத்திலேயே படிகளை அமைத்துவிட்டனர்.

மழைக்காலத்தில் செல்வோர்க்கு இவ்வமைப்புகள் நீரோடு காட்சியளிக்கும். ஆனால் அக்காலத்தில் இடி இடிக்கும்போது உயர்ந்த கோபுரங்களில் நிற்றல் கூடாது. 2021 ஜூலை 11 அன்று ஆமேர்க் கோட்டையை அடுத்த காவற்கோபுரத்தில் மின்னல் தாக்கிப் பலர் உயிரிழந்தனர். அவர்களுள் மழையைக் காணவும் ஒளிப்படம் எடுக்கவும் ஏறிய இளைஞர் பலர் இருந்தனர்.

மலையிலிருந்து இறங்கிய நகரம்

ஞாயிற்றுக்கிழமையை நகருக்கு ஒதுக்கலாம். மக்கள்தொகை பெருகியது, நீர் போதவில்லை. ஆகவே இரண்டாம் சவாய் ஜெய்சிங் ஆமேரை விட்டுச் சமவெளிக்கு இறங்கி 1727-ஆம் ஆண்டு ஜெய்ப்பூரை அமைத்தார். நேர்த்தெருக்களும் ஒன்பது பகுதிகளும் கொண்ட நகரமைப்பில் அவருக்குத் துணைநின்றவர் வித்யாதர் பட்டாச்சார்யா. முதன்மைத் தெருக்கள் கூடும் இடம் சௌபர் எனப்படும். பெரிய சௌபர், சிறிய சௌபர் ஆகிய சந்திப்புகளில் மக்கள் பயன்பாட்டுக்குக் குளங்கள் இருந்தன. காலப்போக்கில் அவை மூடப்பட்டு மறைந்தன. மெட்ரோ தொடர்வண்டிக்காக நிலத்தைத் தோண்டியபோது அவற்றின் கற்கட்டுமானங்கள் மீண்டும் வெளிப்பட்டன.

அரண்மனை அருங்காட்சியகத்தில் இரு பெரிய வெள்ளிக் குடங்கள் வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4,000 லிட்டர் நீர் கொள்ளும். 1902-ஆம் ஆண்டு ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிலாந்து சென்ற இரண்டாம் சவாய் மாதோசிங், கடல் கடந்த நாட்டிலும் கங்கைநீரையே பயன்படுத்த எண்ணி இத்தகைய குடங்களில் அதனைக் கொண்டு சென்றார். அருகிலுள்ள ஜந்தர் மந்தரில், ஏறத்தாழ 27 மீட்டர் உயரமுள்ள சாம்ராட் யந்திரத்தின் நிழலைக் கொண்டு நேரத்தை அறியலாம். அது காட்டுவது ஜெய்ப்பூரின் கதிரவ நேரம்; நம் கைக்கடிகாரம் காட்டுவது இந்தியப் பொதுநேரம். இரண்டுக்கும் சராசரியாக 27 நிமிட வேறுபாடு உண்டு என்பதை அறியாத சிலர், கருவி பழுதாகிவிட்டது என்று சொல்லிச் செல்கின்றனர். 1799-ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட ஹவா மகாலைத் தெருவில் நின்றே காணலாம்.

ஆமேர் செல்லும் சாலையில், மான் சாகர் ஏரியின் நடுவே ஜல் மகால் நிற்கிறது. ஏரி நிறைந்திருக்கும்போது அதன் கீழ்த்தளங்கள் நீரில் மூழ்கியிருக்கும். நகரின் கழிவுநீர் கலந்து இவ்வேரி பல ஆண்டுகள் சீர்கெட்டுக் கிடந்தது. பெருமுயற்சியால் பின்னர் ஓரளவு மீட்கப்பட்டது. ராம்கர் ஏரிக்கு அந்நல்வாய்ப்பு அமையவில்லை. இருபதாம் நூற்றாண்டில் ஜெய்ப்பூருக்குக் குடிநீர் அளித்த அவ்வேரியில்தான் 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் துடுப்புப் படகுப் போட்டி நடைபெற்றது. நீர்வரத்து வழிகள் அடைபட்டமையால் அது பல ஆண்டுகளாக வறண்டு கிடக்கிறது. இன்று ஜெய்ப்பூருக்கான குடிநீர், நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் பனாஸ் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட பிசல்பூர் அணையிலிருந்து குழாய்களின் வழியே வருகிறது.