சாரல் காலத்தில் கைக்குழந்தையுடன் பிரயாணம்

ஆனி மாதம் பிறந்து, ஆரியங்காவுக் கணவாயின் வழியாக மேல்காற்று நுழைந்து, தென்காசியின் வீதிகளில் பூஞ்சாரல் தெளிக்கத் தொடங்கிவிட்டால், அங்கிருந்து 5 அல்லது 6 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குற்றாலத்தை நோக்கிப் புறப்படும் ஜனத்திரளில் கைக்குழந்தையை ஏந்திய தாய்மார்களையும் ஏராளமாகக் காணலாம். அவர்களுள் சொந்தக் கார் உடையவர்களுக்கு யோசனை சொல்ல உலகமெங்கும் புஸ்தகங்கள் இருக்கின்றன. ஆகையால் டவுன் பஸ்ஸிலும், மினி பஸ்ஸிலும், ஷேர் ஆட்டோவிலும், கணவனுடைய மோட்டார் சைக்கிளின் பின்னாசனத்திலும் சிசுவை மடியில் வைத்துக்கொண்டு செல்லும் சாமானியத் தாயைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம். அருவி பார்க்கப் போவதென்பது அவளுடைய பிரயாணங்களில் ஒரு சிறு பகுதிதான். பிள்ளை பெற்ற தாய் வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்கும், ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் தடுப்பூசிக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், பிறகு முடியிறக்கக் குலதெய்வத்தின் கோயிலுக்கும் என்று, நடக்கத் தெரிவதற்கு முன்பே குழந்தை எத்தனையோ வழி கடந்துவிடுகிறது. காரில் பொருத்தும் குழந்தை ஆசனம் அவளிடம் இல்லை. அவளுடைய இரண்டு கைகளே ஆசனம். அந்தக் கைகளுக்கு வேறு வேலை வைக்காமல் பார்த்துக்கொள்வதில்தான் பிரயாணத்தின் க்ஷேமம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

ஏந்தும் முறை

பிறந்த சிசுவின் நீளத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு தலைதான். கழுத்துத் தசைகளோ மூன்று நான்கு மாதம் செல்லும்வரை அத்தலையைத் தாங்கும் வலிமை பெறுவதில்லை. ஆகவே ஒரு கை பிடரியிலும் மற்றொன்று இடுப்பிலும் இருக்க வேண்டும் என்று பாட்டிமார் சொல்லி வந்தது முற்றிலும் சரியான சாஸ்திரம். இவ்விரு கைகளில் ஒன்று கட்டைப்பைக்கும், டிக்கெட்டுக்கும், செல்போனுக்கும் போய்விடும்போதுதான் விபத்துக்கு வழி பிறக்கிறது. சாமான்களைத் தோள்பையில் இட்டு முதுகில் மாட்டிக்கொள்வதும், நாத்தனாரையோ தாயாரையோ துணைக்கு அழைத்துச் செல்வதும் ஆடம்பரம் அல்ல.

குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் துணிப்பைகள் இப்போது நம் பக்கத்துக் கடைகளிலும் விற்கின்றன. கைகளுக்கு ஓய்வு தருவதால் அவை நல்லவையே; ஆயினும் அவற்றில் மறைந்திருக்கும் ஓர் அபாயத்தை வாங்கும் முன்பே அறிந்துகொள்ள வேண்டும். தளர்ந்த பையில் குழந்தை சுருண்டு, அதன் மோவாய் மார்பின்மேல் படிந்துவிட்டால், மெல்லிய சுவாசக் குழாய் மடங்கி மூச்சு தடைப்படும். வலுவற்ற சிசு அழுது காட்டவும் முடியாமல் மௌனமாகவே மயங்கிவிடக்கூடும். நாலு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், குறைமாதத்தில் பிறந்தவற்றுக்கும், சளி பிடித்தவற்றுக்கும் இந்த அபாயம் அதிகம். குழந்தை நிமிர்ந்து, முகம் எப்போதும் தாயின் கண்ணுக்குத் தெரியும்படியும், அவள் குனிந்தால் உச்சியை முத்தமிடும் உயரத்திலும், முதுகு தாங்கப்பட்டு, மோவாய்க்கும் மார்புக்கும் இடையே விரல் நுழையும் இடம் விட்டும் இருக்க வேண்டும். சாரல் படாதிருக்க முந்தானையாலோ துண்டாலோ முகத்தையும் சேர்த்து மூடிவிடுவது நம் பெண்களுக்குள்ள வழக்கம். தலையை மூடலாம், மூக்கை மூடலாகாது. மழைக்குத் துணைவர் பிடிக்கும் குடையே போதும்.

பஸ்ஸும் ஆட்டோவும்

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணம் உள்ள அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாகிவிட்டது. நெரிசலான பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பதால் பெண்ணுக்குப் பணநஷ்டம் ஒன்றும் இல்லை; போவது கால் மணியோ அரை மணியோதான். ஆயினும் சீசன் நாட்களில், படிக்கட்டில் தொங்குபவர்களுக்கு நடுவே ஒரு கையால் கம்பியையும் மறு கையால் குழந்தையையும் பற்றிக்கொண்டு ஏறுகிற தாயை நாம் பார்க்காமல் இருப்பதில்லை. அந்த அவசரம் அனாவசியமானது. கண்டக்டரிடம் சொன்னால் இடம் கிடைக்காமல் போவது நம் நாட்டில் அரிது. தாய் உட்கார்ந்த பிறகே வண்டி நகர வேண்டும் என்று உரக்கச் சொல்லவும் கூச்சப்பட வேண்டியதில்லை. வாசலை ஒட்டிய ஆசனமும், குலுக்கல் மிகுந்த கடைசி வரிசையும் கைக்குழந்தைக்கு ஏற்றவை அல்ல. திடீரென்று பிரேக் போட்டால் முன்னாசனத்தின் கம்பியில் குழந்தையின் தலை மோதாதபடி, அதைத் தன் உடம்போடு அணைத்து, சற்றுப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குலுங்கும் வண்டியில் பாலூட்டினால் புரையேறும். பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டுவதற்கென்று தனி அறைகள் தமிழ்நாடு முழுவதும் 2015 ஆகஸ்டில் திறக்கப்பட்டன. அங்கே அமைதியாகப் பால் கொடுத்து, தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்து, சிறிது நேரம் கழித்து ஏறுவதே முறை. அந்த அறை பூட்டிக் கிடந்தால் சாவியைக் கேட்டு வாங்கத் தாய்க்கு உரிமை உண்டு.

ஷேர் ஆட்டோவில் டிரைவரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்காருவதை எந்தக் காரணத்தைக் கொண்டும் ஒப்புக்கொள்ளலாகாது. பின்னாசனத்தில், திறந்த பக்கத்தை வேறொருவருக்கு விட்டு, நடுவிலோ கம்பியிட்ட பக்கத்திலோ அமர்வது நலம். வாடகைக் கார் கிடைத்தால் பின்னாசனமே உரியது. தாய் தன் பெல்ட்டைத் தான் மட்டும் அணிய வேண்டும். தன்னையும் குழந்தையையும் ஒரே பெல்ட்டால் சுற்றிக்கொண்டால், மோதலின்போது அவளுடைய பாரம் முழுவதும் குழந்தையை அப்பெல்ட்டோடு நசுக்கிவிடும்.

மோட்டார் சைக்கிள்

கணவன் ஓட்ட, மனைவி புடவையோடு ஒரு பக்கமாக அமர்ந்து, மடியில் சிசுவைக் கிடத்தி, பின்னால் பிடிமானம் இல்லாமல் செல்லும் காட்சி நமக்கு மிகவும் பழகிப் போய்விட்டது. பழக்கத்தினாலேயே அதன் பயங்கரம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்டு, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த விதியின்படி, நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு வார்ப்பட்டையால் பிணைக்க வேண்டும்; ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையில் உள்ளதற்குத் தலைக்கவசமும் வேண்டும்; வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. ஒன்பது மாதம் நிறையாத சிசுவின் தலையில் கவசத்தின் பாரத்தை ஏற்றுவது பொருந்தாது. கவசம் இல்லாமல் கொண்டுபோவதோ அதைவிடக் கேடு. ஆகையால் அந்த வயதுவரை மோட்டார் சைக்கிள் கூடவே கூடாதென்பது எமது முடிவு. பிரசவம் அரசு ஆஸ்பத்திரியில் நடந்திருந்தால், தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுவிட 102 என்ற எண்ணில் தாய் சேய் நல ஊர்தி இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கேளாமல் மூன்று நாள் குழந்தையை இருசக்கர வண்டியில் ஏற்றுவதற்கு யாதொரு நியாயமும் இல்லை.

ரயில்

எழும்பூரிலிருந்து செங்கோட்டைக்குச் செல்லும் பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு முழுவதும் பிரயாணம் செய்து தென்காசியில் இறங்குபவர்கள், கீழ்ப் படுக்கையைக் கேட்டுப் பெற்று, குழந்தையைச் சுவரோரம் படுக்கவைத்துத் தாய் வெளிப்பக்கம் படுத்துக்கொள்ள வேண்டும். சங்கிலிகளில் புடவையைக் கட்டித் தூளி ஆட்டுவது குழந்தைக்கு இன்பமே. ஆயினும் வண்டி சட்டென்று நிற்கும்போது அது சுவரில் மோதும், முடிச்சும் நழுவும். ஜன்னல் தகடு கொக்கியில் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே குழந்தையை அதன் அருகில் விட வேண்டும்.

அருவிக்கரையில்

பேரருவியின் நீர் பொங்குமாங்கடலில் விழுந்து வேகம் தணிந்த பிறகே கீழே இறங்குகிறது என்றாலும், அதன் தாக்குதலில் வளர்ந்த ஆண்பிள்ளைகளே கம்பியைப் பற்றிக் குனிந்து நிற்கிறார்கள். மூலிகை கலந்த தீர்த்தம் நோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையால் பச்சிளம் சிசுவை அதன் ஓரத்தில் நனைக்கும் தாய்மாரிடம் வாதம் செய்வது எளிதன்று. எனினும் சொல்லித்தான் ஆக வேண்டும். எடைக்கு ஒப்பிட்டால் சிசுவின் தோற்பரப்பு நம்முடையதைக் காட்டிலும் மிக அதிகம். ஆதலால் அதன் தேகத்தின் உஷ்ணம் விரைவாக வெளியேறிவிடும். பிறந்த குழந்தைக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளும் திறமையும் இல்லை. நனைந்த துணியோடு சாரல் காற்றில் சிறிது நேரம் இருந்தாலே கைகால் சில்லிட்டு, பால் குடிக்கச் சோம்பி, துவண்டுவிடும். அப்போது ஈரத் துணியை உடனே களைந்து, துடைத்து, தாயின் வெறும் மார்போடு சேர்த்து அணைத்து, அவள்மீது உலர்ந்த போர்வையைப் போர்த்துவதைப் போன்ற சிகிச்சை வேறில்லை; குறைமாதக் குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரிகளில் செய்வதும் இதுவே. மாற்றுத் துணி இரண்டு செட்டாவது, நனையாத பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும்.

அருவிக்கரைப் பாறைகளில் பாசி படிந்திருக்கும். அங்கே செருப்புக் கழற்றிய காலோடு குழந்தையை ஏந்தி நடப்பதென்பது இரு கைகளும் கட்டப்பட்டு நடப்பதே ஆகும்; வழுக்கினால் ஊன்றுவதற்குக் கை இல்லை. ஒருவர் மேலேயே குழந்தையோடு காத்திருக்க, மற்றவர் குளித்து வந்து முறை மாற்றிக்கொள்ளலாம். கீழே வெயில் அடிக்கும்போதே மலைமேல் கொட்டிய மழையால் வெள்ளம் சடுதியில் இறங்கிவிடும் என்பதற்கு வெகுதூரம் தேட வேண்டியதில்லை: 2024 மே 17ஆம் தேதி, சீசன் தொடங்குவதற்கு முன்பே, பழைய குற்றாலத்தில் திடீரென்று பெருகிய வெள்ளம் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்று உயிரைப் பறித்தது. ஓடத் தெரிந்த பிள்ளைக்கே அக்கதி நேர்ந்தது. குளிக்கத் தடை என்று போலீஸார் சொன்னால், கைக்குழந்தையோடு இருப்பவர்கள் அருவியைக் கண்ணால் பார்க்கும் ஆசையையும் விட்டுத் திரும்புவதே விவேகம்.

குரங்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பால்புட்டியும் பிஸ்கட் பொட்டலமும் கையில் தெரிந்தால் அவை தயங்காமல் பாய்கின்றன. கடித்துவிட்டாலோ பிராண்டிவிட்டாலோ சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசிக்குச் சென்றாக வேண்டும்.

மலைத்தேனும் பழமும் தண்ணீரும்

குற்றாலம் போய் வந்தவர்கள் மலைத்தேன் வாங்காமல் வருவதில்லை. அதைப் பிறந்த குழந்தைக்குச் சேனையாக நாவில் தடவுவதும், இருமலுக்கென்று துளி கொடுப்பதும் நம் குடும்பங்களில் இன்றும் மறையவில்லை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவத்திலும் ஆகாது. சுத்தமான தேனிலும் போட்டுலிஸம் என்னும் நோயை விளைக்கும் நுண்ணுயிரின் விதைகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை முளைப்பதில்லை, சிசுவின் முதிராத குடலிலோ முளைத்து நஞ்சைச் சுரக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் உறிஞ்சும் பலம் குறைதல், அழுகுரல் தேய்தல், கைகால் தொய்தல், கடைசியில் சுவாசத் தடை என்று அது முற்றும். காய்ச்சினாலும் அந்த விதைகள் அழிவதில்லை. கலப்படம் இல்லாத தேன் என்று விற்பவர் சத்தியம் செய்வது இந்த விஷயத்தில் நமக்கு உதவாது.

சீசனில் குவியும் ரம்புட்டானின் வழுக்கும் சதையும் கொட்டையும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் இயல்புடையவை. மூத்த குழந்தை அன்போடு தம்பியின் வாயில் வைத்துவிடாமல் கவனிக்க வேண்டும். ஆறு மாதம் வரையில் தாய்ப்பால் ஒன்றே உணவும் நீரும் ஆகும். பிரயாணத்தில் நா வறளுமே என்று அருவித் தண்ணீரையோ கடைத் தண்ணீரையோ புகட்டுவது வயிற்றுப்போக்கை விலைக்கு வாங்குவதே. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குக் காய்ச்சிய நீரை பிளாஸ்கில் கொண்டுபோய், வேண்டும்போது கலந்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

ஜ்வரம் கண்டால்

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு உடம்பு 38 டிகிரி செல்ஷியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் காட்டினால், அது சாரலில் நனைந்ததால் வந்த சாதாரணச் சூடு என்று வீட்டில் கஷாயம் காய்ச்சிக் காலம் போக்கலாகாது. அந்த வயதில் ஜ்வரம் ஒன்றே ஆஸ்பத்திரிக்குப் போவதற்குப் போதுமான காரணம். எந்த மாதத்துக் குழந்தையாயினும், பால் குடிக்க மறுத்தல், மூச்சு வாங்கும்போது விலாவின் கீழ் குழிதல், உதடு நீலம் பாய்தல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டால் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். 108 என்ற எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் காசில்லாமல் வரும். தென்காசியிலேயே மாவட்டத் தலைமை அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது.