விநாடிக்கு எத்தனை படம்?

பெங்களூரிலிருந்து சித்தூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பலமனேரைக் கடந்தபின் வருவது பங்காருபாளையம். மாங்காய்ச் சந்தையால் பெயர் பெற்ற ஊர். தமிழும் தெலுங்கும் கலந்தொலிக்கும் இவ்வட்டாரத்தில், கோடைக்காலத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடைபெறும், இறுதியில் தீமிதி. வெளி மாநிலங்களில் வாழும் நாம் இவற்றைக் காண ஊர் திரும்புகிறோம்; கைப்பேசியில் படமும் பிடிக்கிறோம். பிறகு அதைப் போட்டுப் பார்த்தால், சில வேளைகளில் வேடதாரியின் முகத்தின்மீது கரிய பட்டைகள் ஊர்ந்து செல்கின்றன. கருவி பழுதாகிவிட்டதோ என ஐயுறுகிறோம். பழுது கருவியில் இல்லை; விநாடிக்கு எத்தனை படம் என்பதை நாம் எண்ணிப் பாராததே காரணம்.

ஓடும் படம் என்பது அசையாப் படங்களின் வரிசையே. அவை விரைந்து மாறுவதால் அசைவு தோன்றுகிறது. வேலூரில் பிறந்த நடராஜ முதலியார், 1910-களின் பிற்பகுதியில், திரௌபதியின் கதையாகிய 'கீசக வத'த்தைச் சென்னையில் படமாக்கினார். காமிராவைக் கையால் சுற்றிய காலம் அது. விநாடிக்கு ஏறத்தாழ 16 படங்கள் என்பது அன்றைய வழக்கம். சுற்றும் கை தளர்ந்தால் அளவும் குறையும். 1920-களின் இறுதியில் பேசும் படம் வந்ததும், ஒலி தடுமாறாதிருக்க 24 என்னும் அளவு நிலைபெற்றது. தொலைக்காட்சியோ மின்சாரத்தை ஒட்டி அமைந்தது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஆகவே இங்கு 25 படங்கள். அமெரிக்காவில் 60 சுற்று. ஆகவே அங்கு 30.

நம் குழல்விளக்குகள் பல, சுற்றுக்கு இருமுறையாக, விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கண் இதை அறியாது, காமிரா அறியும். கைப்பேசிகள் பெரும்பாலும் 30 என்ற அளவிலேயே அமைந்து வருகின்றன. அந்த அளவு விளக்கின் துடிப்போடு இசைவதில்லை. ஒவ்வொரு படத்திலும் ஒளியும் மங்கலும் வெவ்வேறு இடத்தில் விழ, பட்டைகள் ஊர்கின்றன.

ஆகவே இரவுக் கூத்துக்கு 25 படங்களைத் தேர்ந்து, ஷட்டர் நேரத்தை விநாடியில் 50-இல் ஒரு பங்காக வைப்பது நன்று. அப்போது ஒவ்வொரு படமும் இரண்டு முழுத் துடிப்புகளின் ஒளியைப் பெறும். கைப்பேசியில் 25 இல்லையெனில், 30-ஐயே வைத்துக்கொண்டு ஷட்டரை மட்டும் 50-இல் அல்லது 100-இல் ஒரு பங்காக்கலாம். சில கைப்பேசிகளில் மின்சார அளவை 50 எனக் குறிக்கும் வசதியும் உண்டு.

தீமிதியில் ஓடும் கால்களைப் பின்னர் மெதுவாகக் காண விரும்பினால் 50 படங்கள் வேண்டும். அவற்றை 25 வீதம் ஓட்டினால் ஓட்டம் பாதி வேகமாகும். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் கிட்டும் ஒளி நேரம் குறையும். சேமிப்பிடமும் மிகுதியாகத் தேவைப்படும். பகலில் மாங்காய்ச் சந்தையை எடுக்க எந்த அளவும் பொருந்தும். ஆயினும் மும்பையிலிருந்து வந்த தம்பியும் தில்லியிலிருந்து வந்த அக்காளும் எடுத்தவற்றைப் பின்னர் ஒன்றாகத் தொகுப்பதாயின், இருவரும் ஒரே அளவை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

'கீசக வத'த்தின் பிரதி ஒன்றும் இன்று கிடைக்கவில்லை. கூத்து அடுத்த ஆண்டும் நடைபெறலாம். இவ்வாண்டு துரியோதனனாக ஆடும் முதியவர் அடுத்த ஆண்டும் ஆடுவார் என்று யார் சொல்லக்கூடும்? கட்டியங்காரன் வருமுன், அந்த அரங்க விளக்கின் கீழேயே ஒரு நிமிடம் எடுத்துப் பார்த்துக்கொள்வோமாக.