கத்தியை முடக்கும் மாத்திரை

மருந்துச் சீட்டில் 625 என்ற எண்ணோடு எழுதப்படும் அமாக்சிகிளாவ் மாத்திரையில் 500 மில்லிகிராம் அமாக்சிசிலினும் 125 மில்லிகிராம் கிளாவுலானிக் அமிலமும் உள்ளன. கிருமியைக் கொல்வது முதலாவது. இரண்டாவதற்கு அந்த வலிமை மிகச் சொற்பம். அதன் வேலை வேறு.

பென்சிலின் குடும்பத்தின் உயிர்நாடி நான்கு அணுக்களாலான பீட்டா-லாக்டம் வளையம். பல பாக்டீரியாக்கள் அதை வெட்டும் பீட்டா-லாக்டமேஸ் நொதியைச் சுரக்கின்றன. கிளாவுலானிக் அமிலத்திலும் அதே வளையம் இருப்பதால், நொதி ஏமாந்து அதையும் வெட்டுகிறது. எண்ணெய் தடவாமல் பலாப்பழம் அறுத்த கத்தியின் கதிதான் பிறகு. வெட்டுண்ட மூலக்கூறு உருமாறி, பிசினாய் நொதியின் வினைமையத்திலேயே பிணைந்துவிடுகிறது. கத்தி அடுத்த வெட்டுக்கு உதவாது, அமாக்சிசிலின் தப்புகிறது. ஒப்புமையை இன்னும் இழுக்கலாம்: துத்தநாகத்தின் துணையோடு வெட்டும் என்டிஎம் வகை நொதிகள் எண்ணெய் பூசிய கத்திகள். இந்தப் பிசின் அவற்றில் ஒட்டாது.

பென்சிலினை அழிக்கும் நொதியை ஆபிரகாம், செயின் என்ற ஆய்வாளர்கள் 1940-லேயே விவரித்துவிட்டனர். கிளாவுலானிக் அமிலம் 1970-களில் பீச்சம் நிறுவனத்தாருக்கு ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. கூட்டு மருந்து 1981-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது.

கடைப் பேச்சில் இது ‘பவர்’ கூடிய அமாக்சிசிலின். அந்தப் பவர் நொதி இருக்கும் இடத்தில் மட்டுமே. தொண்டை அழற்சி தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் அந்த நொதியைச் செய்வதில்லை. அங்கே வெறும் அமாக்சிசிலின் போதும். நிமோகாக்கஸோ மருந்து ஒட்டும் புரதத்தையே மாற்றிக்கொண்டு தப்புகிறது; அங்கே முடக்குவதற்குக் கத்தியே இல்லை. சளி, ஃபுளூ வைரஸ்களிடம் இரண்டுமே செல்லாது.

வயிற்றுப்போக்கைக் கூட்டுவது கிளாவுலானிக் அமிலம். எனவே 625 கிடைக்காதபோது 375 மாத்திரை இரண்டைப் போடுவது தப்புக் கணக்கு: ஒவ்வொன்றிலும் 250-உடன் 125 இருப்பதால், அமாக்சிசிலின் சரியாக வந்தாலும் கிளாவுலானிக் அமிலம் இரட்டிப்பாகிவிடும். சாப்பாடு தொடங்கும்போது விழுங்கினால் தொல்லை குறையும்.

பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களும், முன்பு இதே மருந்தால் மஞ்சள் காமாலை கண்டவர்களும் இதை எடுக்கக் கூடாது. வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கல்லீரல் பாதிப்பு அரிது; ஆண்களிடமும் முதியவர்களிடமும் சற்றுக் கூடுதல். மருந்தை நிறுத்திச் சில வாரம் கழித்தும் அது தலைகாட்டும் என்பதால், காமாலைக்கும் தீர்ந்துபோன மாத்திரைக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றுவதில்லை.

கிளாவுலானிக் அமிலத்துக்கு ஈரம் ஆகாது. மாத்திரைகளை முன்கூட்டியே பிரித்து டப்பாவில் போட்டுவைக்கக் கூடாது. குழந்தைகளுக்கான பொடியில் காய்ச்சி ஆறிய நீரைக் கலந்தபின் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். அதில் குறித்த நாள், பெரும்பாலும் 7, கடந்தபின் மிச்சத்தைக் கொடுக்கக் கூடாது.